விண்கல் சீவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு நுண்ணோக்கியையும், விண்கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகள் அடங்கிய மரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். அறிவியல் கண்காட்சி என்றால் ராக்கெட்டுக்கும் சோடாப்பு எரிமலைக்கும்தான் கூட்டம். என் மேசைக்கு வருகிறவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் லேசில் நகர்வதில்லை. அவர்கள் கேட்பவையும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன். ஊர்ப் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியது மட்டும் என் வேலை.

"சீவல் சீவல் என்கிறீர்களே, பாக்கையா சீவுகிறீர்கள்?"

பாக்குச் சீவலை நினைத்துத்தான் அந்தப் பெயர். ஆனால் இது அதைவிடப் பல மடங்கு மெல்லியது. தடிமன் 0.03 மில்லிமீட்டர், அதாவது 30 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. தனியாக எடுத்தால் நொறுங்கிவிடும். அதனால் எப்போதும் கண்ணாடியில் ஒட்டியபடியே இருக்கும். சீவுவது என்பதும் பேச்சுக்குத்தான். உண்மையில் அது தேய்ப்பு.

"கருங்கல்லுக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்?"

கல் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் அதன் தடிமனால்தான். ஏற்காட்டிலும் நீலகிரியிலும் கிடைக்கிற சார்னகைட் கல்லைக் கையில் எடுத்தால் எண்ணெய் தேய்த்ததுபோல் கரும்பச்சையாக இருக்கும். அதையே 30 மைக்ரானுக்குக் கொண்டுவந்தால் பாதி இடம் நிறமே இல்லாத கண்ணாடி. நடுநடுவே உள்ள பைராக்சீன் என்ற கனிமம் மட்டும் நுண்ணோக்கியின் மேடையைத் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பில் இருந்து இளம்பச்சைக்கு மாறும். விண்கல்லும் அப்படித்தான். உலோகமும் இரும்புச் சல்ஃபைடும் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சத்தை விடுவதில்லை.

"எங்கள் மாமா கல் பட்டை தீட்டுபவர். அவரால் இதைச் செய்ய முடியுமா?"

முடியும். என் தந்தையும் அந்தத் தொழிலில் இருந்தவர்தான். அவர் கல்லை அரக்கில் ஒட்டிச் சாணையில் பிடித்தார். நான் எபாக்சிப் பசையில் ஒட்டிக் கண்ணாடித் தட்டில் தேய்க்கிறேன். கை ஒன்றேதான். முதலில் வைரத்தூள் பதித்த வாளால் கல்லில் ஒரு பில்லை அறுக்க வேண்டும். அதன் ஒரு முகத்தைச் சமமாக்கிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டவேண்டும், உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட நிற்காமல். பிறகு மறுபக்கத்தை அறுத்து, 400, 600, 1000 என்று கார்போரண்டம் பொடியின் நயத்தைக் கூட்டிக்கொண்டே தேய்க்க வேண்டும். கடைசிச் சில மைக்ரான்களில் நாலு சுற்றுத் தேய்த்தால் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, மறுபடி நாலு சுற்று என்று போகும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் கல் முழுவதும் பொடியோடு போய்விடும். எனக்கு இரண்டு போயிருக்கின்றன.

பட்டை தீட்டுபவர் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அவருக்குத் தண்ணீர் இல்லாமல் சாணை ஓடாது. விண்கல்லில் நிக்கல் கலந்த இரும்பு உலோகமாகவே இருக்கிறது. தண்ணீர் பட்டால் ஒரே வாரத்தில் துரு கிளம்பும். அதனால் அறுக்கவும் தேய்க்கவும் ஆல்கஹால்தான். என் முதல் சீவலைத் தண்ணீரில் தேய்த்தேன். இன்றும் அதில் உலோகத்தைச் சுற்றிச் செம்மண் கரை கட்டியதுபோல் இருக்கிறது. "செய்யக்கூடாதது" என்று எழுதி ஒட்டிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வாள் ஒரு தடவை போனால் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் தின்னும். ஒட்டும் முகத்தைச் சமமாக்குவதிலும் போகும். கண்ணாடியில் 0.03 மில்லிமீட்டர் நிற்க, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கல் சேறாகப் போகிறது. அறுக்கும் முன் யோசிக்க அது போதும்.

"இந்த நிறமெல்லாம் கல்லின் நிறமா? சாயம் எதுவும் போட்டிருக்கிறீர்களா?"

திருப்பூரில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் கேள்வி உண்டு. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் என்னை நம்பவேயில்லை. சாயம் இல்லை. நுண்ணோக்கியில் சீவலுக்குக் கீழே, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலராய்டு தகடு ஒன்றும் மேலே இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டையும் குறுக்காக வைத்தால் வெளிச்சம் நின்றுவிடும், பார்க்கும் வட்டம் முழுக்க இருட்டு. நடுவில் படிகம் வந்ததும், நுழைகிற ஒளி இரண்டாகப் பிரிந்து வேறுவேறு வேகத்தில் போகிறது. ஒன்று பிந்தி வெளியே வந்து மற்றதோடு மேல் தகட்டில் சேரும்போது சில நிறங்கள் அழிந்து சில நிற்கின்றன. அதைத்தான் பார்க்கிறீர்கள். மேல் தகட்டை எடுத்துவிட்டால் அதே இடம் வெறும் கண்ணாடி. அந்த அம்மாவுக்கு அப்படி எடுத்துக் காட்டிய பிறகுதான் சமாதானம்.

மயில்கழுத்து நிறப் பட்டைத் திருப்பினால் நீலமும் பச்சையும் மாறுமே, அதுபோல என்று சிலர் சொல்வார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், காரணம் வேறு. அங்கே பாவும் ஊடையும் இரண்டு நிற நூல். இங்கே நூலே இல்லை.

"எதற்குச் சரியாக 30 மைக்ரான்? 50 வைத்தால் என்ன குறைந்துவிடும்?"

பின்னால் வரும் ஒளி எவ்வளவு பிந்துகிறது என்பதைக் கனிமமும் தடிமனும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தடிமனை எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொண்டால்தான் நிறத்தைப் பார்த்துக் கனிமத்தைச் சொல்ல முடியும். 30இல் ஃபெல்ஸ்பார் சாம்பல் நிறம். மெக்னீசியம் மிகுந்த பைராக்சீன் சாம்பலில் தொடங்கி இளமஞ்சள் வரை. ஆலிவின் நீலம், ஊதா, பச்சை, மஞ்சள் என்று கொண்டாட்டம். 50 வைத்தால் ஃபெல்ஸ்பார் மஞ்சளாகி ஏமாற்றும், ஆலிவின் வெளிறிப்போகும்.

30 வந்துவிட்டதை அறியக் குவார்ட்ஸ்தான் அளவுகோல். அது அப்போது சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். மஞ்சள் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். சாதாரண விண்கற்களில் குவார்ட்ஸ் கிடையாது. அதனால் அமராவதி ஆற்று மணலில் பொறுக்கிய குவார்ட்ஸ் துணுக்கு ஒன்றைக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருந்து வந்த கல்லுக்குத் தாராபுரத்து மணல் அளவு சொல்கிறது.

"இரண்டும் ஆலிவின்தான் என்கிறீர்கள். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். எப்படி?"

கரும்பைக் குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம், நெடுக்கே பிளந்தால் பட்டை. கரும்பு ஒன்றுதான். கல்லுக்குள் ஆலிவின் படிகங்கள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. வாள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோணத்தில் வெட்டியிருக்கிறது. ஒளி பிந்துவது கோணத்தைப் பொறுத்தும் மாறும். ஆகவே ஒரு துணுக்கின் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். பத்தைப் பாருங்கள், அவற்றில் மிக உயர்ந்த நிறம், அதாவது ஒளி மிக அதிகமாகப் பிந்தியதைக் காட்டும் நிறம், எது என்று கேளுங்கள்.

"நடுவில் உருண்டை உருண்டையாக இருக்கிறதே, அது என்ன? ஏதாவது முட்டையா?"

அதற்காகத்தான் இந்தப் பெட்டியையே சுமக்கிறேன். அவை காண்ட்ரூல்கள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை. அவை நிறைந்த கல்லுக்குக் காண்ட்ரைட் என்று பெயர். பூமியில் விழுவதைப் பார்த்து எடுத்த விண்கற்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் இந்த வகைதான். பூமியின் எந்தப் பாறையிலும் இந்த உருண்டைகள் கிடையாது.

இவற்றை முதலில் ஒழுங்காகப் பார்த்தவர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி. கத்திக்கும் கருவிகளுக்கும் பேர்போன ஷெஃபீல்டு ஊர்க்காரர். 1860களிலேயே விண்கல்லைச் சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தார். உருகிய துளிகள் எதிலும் ஒட்டாமல் மிதந்தபடியே உறைந்தவை இவை என்றார். நெருப்பு மழையின் துளிகளுக்கு ஒப்பிட்டார். அந்தத் துளிகளை உருக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். துளி என்பதில் மட்டும் சண்டை இல்லை.

உருண்டைகளுக்குள் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சிலவற்றில் ஆலிவின் இணைகோடுகளாக ஓடும். பவானி ஜமக்காளத்தை வட்டமாக வெட்டி வைத்ததுபோல் இருக்கும். துளி ஏறக்குறைய முழுவதும் உருகி, மணிக்குச் சில நூறு டிகிரியோ அதற்கும் மேலோ வேகமாகக் குளிர்ந்தால் இந்தக் கோடுகள் வரும் என்று உலையில் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் பைராக்சீன் ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கிப் பனையோலை விசிறியாக விரியும். பெரும்பாலானவற்றில், படிகமாகாமல் உறைந்த கண்ணாடிக்குள் படிகங்கள் சிதறிக் கிடக்கும். அவை முழுவதும் உருகாதவை. கோபிசெட்டிபாளையத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி விசிறியைப் பார்த்து "தாத்தா, இது ஓரத்தில் இருந்து உறைந்ததா?" என்று கேட்டாள். பெயர் தெரியாமலே சரியாகப் பார்த்துவிட்டாள். அதனால்தான் நான் பெயர்ப் பலகையை மேசையில் வைப்பதில்லை.

"ஒரு சீவலில் உருண்டை பளிச்சென்று இருக்கிறது, இன்னொன்றில் கலங்கிப்போயிருக்கிறது. தேய்ப்பு சரியில்லையா?"

தேய்ப்பில் குறை இல்லை, கல் வெந்திருக்கிறது. அரிசிம்பருப்புச் சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அளவாக வெந்தால் அரிசி தனி, பருப்பு தனி. அடுப்பிலேயே விட்டுவிட்டால் குழைந்து எது எங்கே முடிகிறது என்று தெரியாது. காண்ட்ரூல்கள் சேர்ந்து ஒரு சிறுகோளாக ஆன பிறகு, அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு அழியும்போது வெளிவிட்ட வெப்பத்தில் உள்ளே வெந்தன. மேல்பக்கம் கிடந்தவை தப்பின. ஆழத்தில் இருந்தவை 900 டிகிரி வரைகூடப் போயின.

1967இல் வான் ஷ்முஸ், வுட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெந்த அளவை எண்ணாக்கினார்கள். 3 என்றால் உருண்டையின் விளிம்பு கூர்மை, உள்ளே பழைய கண்ணாடி. 6 என்றால் விளிம்பு கரைந்து, ஃபெல்ஸ்பார் கண்ணுக்குத் தெரியும் துணுக்காக வளர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் விழுந்தவையே இதற்குப் போதும். 1857இல் அன்றைய மதுரை ஜில்லாவில் விழுந்து, பார்னல்லி என்ற பெயரில் உலகப் பதிவேட்டில் ஏறிய கல் 3ஆம் வகை. 1886இல் விழுந்த நம்மியந்தல் 5. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது 6. இந்த மூன்றும் என் பெட்டியில் இல்லை. என்னிடம் இருப்பவை சகாராவில் பொறுக்கி விற்கப்பட்டவை.

"இந்த இடம் மட்டும் எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே இருக்கிறது. ஓட்டை விழுந்துவிட்டதா?"

மூன்று விடைகள் இருக்கலாம். மேல் தகட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் கறுப்பு என்றால் உலோகம் அல்லது சல்ஃபைடு. மேலிருந்து வெளிச்சம் அடித்தால் உலோகம் வெள்ளிபோலவும் சல்ஃபைடு வெண்கல நிறமாகவும் மின்னும். தகட்டை எடுத்ததும் வெளுத்துவிட்டால் ஒன்று ஓட்டையில் நிற்கிற எபாக்சி, இல்லையென்றால் கண்ணாடி. கண்ணாடிக்குள் அணுக்களுக்கு ஒழுங்கு இல்லாததால் ஒளி இரண்டாகப் பிரிவதில்லை. அதனால் நிறமும் இல்லை.

அந்த மூன்றாவது விடையில் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரில் ஷெர்கோட்டியில் ஒரு கல் விழுந்தது. 1872இல் வியன்னாவில் கனிமவியலாளர் குஸ்டாவ் செர்மாக் அதன் சீவலைப் பார்த்தார். வடிவத்தில் ஃபெல்ஸ்பார், தகடுகளைக் குறுக்காக வைத்தால் முழு இருட்டு. அதற்கு மாஸ்கலினைட் என்று பெயர் வைத்தார். பெரிய மோதலின் அதிர்ச்சியில் படிகம் அதே வடிவத்தில் கண்ணாடியாகிப்போயிருந்தது. அந்தக் கல் செவ்வாயில் இருந்து வந்தது என்பது நூறு ஆண்டுகளுக்கும் பின்னால்தான் துலங்கியது. அதே வகையைச் சேர்ந்த, அண்டார்டிகாவில் எடுத்த கல் ஒன்றுக்குள் அடைபட்டிருந்த வாயு, 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றோடு பொருந்தியது.

"சில படிகத்தில் இருட்டு ஒரே நேரத்தில் வராமல் நிழல்போல் ஊர்ந்து போகிறதே?"

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். இதுவும் மோதல்தான், முன் கேள்வியில் சொன்னதைவிட மெதுவானது. அடிபடாத படிகம் மேடையைத் திருப்பும்போது முழுவதும் ஒரே கணத்தில் இருளும். அடிபட்டு வளைந்த படிகத்தில் ஒவ்வொரு பகுதியும் கொஞ்சம் முன்பின்னாக இருளுவதால் நிழல் ஊர்வதுபோல் தெரிகிறது. இன்னும் பலமாக அடிபட்டால் துண்டுதுண்டாக, மொசைக் தரைபோல் இருளும். 1991 முதல் இதற்கு எஸ்1இல் இருந்து எஸ்6 வரை படிகள் உண்டு. மாஸ்கலினைட் வருவது மேல்படிகளில்.

"தோட்டத்தில் கிணறு தோண்டும்போது கனமான கறுப்புக் கல் வந்தது, காந்தம் ஒட்டுகிறது. விண்கல்தானே?"

நம் பக்கத்தில் காந்தம் ஒட்டும் கல்லுக்குப் பஞ்சமில்லை. சேலம் கஞ்சமலை முழுக்க மேக்னடைட். அந்த வகைப் பாறை இந்த வட்டாரத்தில் வேறு இடங்களிலும் உண்டு. கோயம்புத்தூர் வார்ப்பட ஆலைக் கசடு சாலைக்குக் கொட்டும் மண்ணோடு எங்கெங்கோ போகிறது. குமிழ் ஓட்டைகள் நிறைய இருந்தால் கசடு. அறுக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு: ஓரத்தில் நகத்தளவு இடத்தை எமரித் தாளில் தேய்த்துக் கைலென்சில் பாருங்கள். சாம்பல் நிறத்துக்குள் உலோகப் பொட்டுகள் மின்னினால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வலுவான காந்தத்தைக் கல்மேல் வைத்துத் தேய்க்காதீர்கள். உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால் அதில் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும்.

"இரும்புக் கசடிலும் ஆலிவின் இருக்குமாமே? அப்படியென்றால் நுண்ணோக்கியும் ஏமாறும்தானே?"

கொடுமணல் அகழாய்வைப் பற்றிப் படித்த கல்லூரி மாணவர் கேட்டது. கேள்வி சரி. பழைய முறை உலைக்கசடில் இருப்பது பெரும்பாலும் ஆலிவின் குடும்பத்தைச் சேர்ந்த, இரும்பு மிகுந்த ஃபயலைட்தான். ஆனால் அது நீண்ட கம்பிகளாகவும் எலும்புக்கூடாகவும் வளர்ந்திருக்கும். இடையே இரும்பு ஆக்சைடு செடிக்கிளைபோல் கிளைத்திருக்கும். காண்ட்ரூல் இருக்காது. பார்வை போதாதபோது வேதிக்கணக்கு இருக்கிறது. சாதாரண காண்ட்ரைட்டுகளின் ஆலிவினில் ஃபயலைட் பங்கு ஏறக்குறைய 16 முதல் 32 விழுக்காடு. கசடில் அது மிக அதிகம். இதை எலக்ட்ரான் நுண்பகுப்பி சொல்லும், கண் சொல்லாது. இரும்பின் அளவை வைத்துச் சாதாரண காண்ட்ரைட்டுகளைப் பிரிக்கும் எச், எல், எல்எல் என்ற பிரிவுகளையும் அந்தக் கருவிதான் உறுதி செய்யவேண்டும்.

"நாமக்கல் சித்தம்பூண்டிக் கல் நிலாக் கல்தான் என்கிறார்களே, அதைச் சீவிப் பார்த்தால் போதாதா?"

சித்தம்பூண்டியில் இருப்பது ஃபெல்ஸ்பார் மிகுந்த அனார்த்தசைட் என்ற பாறை. நிலாவின் வெளிர் மேட்டுநிலமும் அந்தப் பாறைதான். அதனால்தான் இஸ்ரோ நம் கல்லைப் பொடித்து, சந்திரயான்-2 தரையிறங்கலைச் சோதிக்க நிலா மண்ணைப்போல் ஒன்றைச் செய்தது. சீவலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாகத் தெரியும் ஃபெல்ஸ்பார் இரண்டிலும் உண்டு.

வித்தியாசமும் சீவலிலேயே தெரியும். நம் கல்லில் ஹார்ன்பிளண்ட் இருக்கிறது. தன் கட்டமைப்புக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் கனிமம் அது. நிலாவின் அனார்த்தசைட்டில் அதைத் தேட வேண்டாம். பழகுவதற்கு இதைவிட நல்ல கல் இல்லை. ஆலிவின் பழக வேண்டுமானால் சேலம் வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்து டியூனைட்டும், பைராக்சீனுக்கு மேலே சொன்ன சார்னகைட்டும் இருக்கின்றன. விண்கல்லை அறுக்கும் முன் இந்த மூன்றிலும் கை பழகட்டும்.

"இதைப் பார்த்தே வயது சொல்லிவிடுவீர்களா?"

முடியாது. எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லலாம். துரு நரம்பு காண்ட்ரூலைக் குறுக்கே வெட்டினால் துரு பிந்தியது. வருடக்கணக்கு ஐசோடோப்புகளில் இருந்து வருவது. 1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே போன்ற கற்களில் வெள்ளையாகத் தெரியும் கால்சியம், அலுமினியம் மிகுந்த திட்டுகளுக்குக் கிடைத்த வயது ஏறக்குறைய 456.7 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்தின் வயது என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான்.

"பள்ளி நுண்ணோக்கியிலேயே பார்க்க வழி உண்டா?"

உண்டு. பழைய கால்குலேட்டர் திரையில் இருந்து உரித்த போலராய்டு தாளில் ஒரு துண்டை ஸ்லைடுக்குக் கீழேயும் இன்னொன்றைக் கண்வில்லை மேலேயும் வைத்துத் திருப்புங்கள். மேடை சுழலாது, ஸ்லைடை விரலால் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். 40 மடங்கு போதும். பிள்ளைகள் 400க்குப் போய்விட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

"கிடைத்தால் கல் யாருக்குச் சொந்தம்?"

இந்தியாவில் விழும் விண்கற்களைக் காக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது, தலைமையகம் கொல்கத்தா. வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். கழுவாதீர்கள்.

"எங்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு கல் இருக்கிறது. வானத்தில் இருந்து விழுந்தது என்று அப்பாரு சொல்வார். நகத்தளவு கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வீர்களா?"

கொண்டுவராதீர்கள். வாள் எவ்வளவு தின்னும் என்று மாமா கேள்வியில் கணக்குச் சொல்லியிருக்கிறேன். கும்பிடும் கல்லில் அந்தக் கணக்கைப் போட நான் வரமாட்டேன்.

ஒரே ஒரு தடவை தாராபுரம் பக்கம் பூசாரியே அழைத்துக் கைலென்சில் பார்க்கச் சொன்னார். மேலே இருந்த கறுப்பு தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெய். கீழே பழைய உடைசல் ஒன்றில் குவார்ட்ஸ் பளபளத்தது. என்ன தெரிகிறது என்று கேட்டார். ரொம்பப் பழைய கல் என்றேன். இந்த வட்டாரப் பாறைகளில் 250 கோடி ஆண்டுப் பழையவை உண்டு, ஆகவே பொய் சொல்லவில்லை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார், வாங்கிப் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன்.